சிலிண்டர் விசைக் கணக்கில் தண்டை மறந்துவிடாதீர்கள்

டர்பனுக்கு வடக்கேயுள்ள கரும்புத் தோட்டப் பகுதியிலிருந்து பழுதுபார்க்க வந்த டிரெயிலர் ஒன்றில் இறுகிப்போயிருந்த புஷ்ஷைக் (துளைக்குள் பொருந்தும் உலோக உறையை) கழற்ற, 63 மி.மீ. உள்விட்டமுள்ள, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரை இழுக்கும் வகையில் பொருத்தினோம். அழுத்தம் காட்டும் கேஜ் 160 பார் காட்டியும் புஷ் அசையவில்லை. ஐந்து டன் (ஏறத்தாழ 50 கிலோநியூட்டன்) விசை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

வெர்னியர் அளவியைப் பிஸ்டனிலிருந்து வெளியே நீளும் தண்டின்மீது வைத்தபோதுதான் பிழை தெரிந்தது. தண்டின் விட்டம் 45 மி.மீ. பிஸ்டனின் முழு முகப்பு ஏறத்தாழ 3117 சதுர மி.மீ.; அதில் 1590-ஐத் தண்டே அடைத்துக்கொள்வதால், இழுக்கும்போது எண்ணெய் அழுத்துவதற்கு எஞ்சுவது 1527 மட்டுமே. 160 பார் என்பது சதுர மி.மீ.க்கு 16 நியூட்டன். ஆகவே தள்ளும்போது 50 கிலோநியூட்டன் தரும் அதே சிலிண்டர், இழுக்கும்போது 24.4 கிலோநியூட்டன்தான் தரும். திரும்பு குழாயிலுள்ள எதிரழுத்தத்தையும் இதில் கழிக்க வேண்டும்: இழுக்கும்போது அது முழு முகப்பின்மீது செயல்படுவதால், 10 பார் எதிரழுத்தமே மேலும் 3.1 கிலோநியூட்டனை விழுங்கிவிடும்.

முழு முகப்புக்கும் தண்டுப் பக்கம் எஞ்சும் பரப்புக்கும் உள்ள இதே விகிதம் எதிர்த்திசையில் ஆபத்தானது. தள்ளும் வேளையில் தண்டுப் பக்க வெளிவழி அடைபட்டால், அங்கே அழுத்தம் 326 பார் வரை ஏறக்கூடும். கசிவைத் தடுக்கும் சீலும் குழாயும் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரத்தின் இடத்தில் விட்டத்தை இட்டு நான்கு மடங்கு விடை பெறுவது மாணவர் பிழை. அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

காற்று சிலிண்டரில் ஏமாற்றம் வேறு விதமானது. 50 மி.மீ. உள்விட்டத்துக்கு 6 பாரில் 1178 நியூட்டன் என்று தாள் சொல்லும். ஆனால் அந்த 6 பார் கம்ப்ரஸர் அருகே அளந்தது, பிஸ்டன் ஓடும்போது அதன் முகப்பில் இருப்பது அதைவிடக் குறைவு. உராய்வும் எதிரழுத்தமும் சேர்வதால், வேகமாக நகர்த்த வேண்டிய சுமையைக் கணக்கிட்ட விசையின் பாதியளவில் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

கேஜ் காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தமான 1 பாரையும் கூட்டுவோர் உண்டு. கூட்டக் கூடாது, வெளிக்காற்று மறுபக்கத்திலிருந்தும் அழுத்துகிறது. 1700 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஜொஹானஸ்பர்கிலும் கேஜில் 6 பார் இருந்தால் டர்பனில் கிடைக்கும் அதே விசைதான். அங்கே காற்று மெலிந்திருப்பதால் கம்ப்ரஸர் அந்த 6 பாரை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். சிலிண்டர் மந்தமானால் கம்ப்ரஸரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.