வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு: சைக்கிளில் ஒரே நாளில் எல்லை தாண்டுவது எப்படி

நெடுந்தூர சைக்கிள் பயணத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாதையைத்தான். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் காலையில் கிளம்பினால், மாலைக்குள் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. தூரம் சுமார் 65 முதல் 70 கிலோமீட்டர். டான்யூப் ஆறு ஓடும் திசையிலேயே போவதால் மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை. அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ‘யூரோவெலோ 6’ பாதையின் ஒரு துண்டுதான் இது. பலகைகளில் 6 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

1. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியர் ஒழுங்காக மாறவேண்டும், பிரேக் பிடிக்கவேண்டும், சீட் உயரம் சரியாக இருக்கவேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. சீட் தாழ்வாக இருந்தால் முப்பது கிலோமீட்டரில் முட்டி வலிக்கத் தொடங்கிவிடும். டயரில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பையில் ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு, மழைக்கோட்டு, இரண்டு பாட்டில் தண்ணீர். முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். ஹெல்மெட்டும் முன்பின் விளக்குகளும் கட்டாயம் இருக்கட்டும்.

2. ஆவணங்கள்

இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், இருப்பதால் ஒரே ஷெங்கன் விசா போதும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தாலும், இந்த எல்லையைத் தாண்டுவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகாது. ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எல்லையில் அவ்வப்போது தற்காலிகச் சோதனை வைப்பார்கள். இரண்டு பக்கமும் யூரோதான் செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்றைக்குக் கிளம்புவதானால் சாப்பாட்டை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. எட்டு மணிக்குள் கிளம்புங்கள்

ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தடியில் தொடங்குவது எளிது. அங்கிருந்து டான்யூப் தீவு வழியாகப் போகலாம். வெள்ளத்தைத் தடுக்க வியன்னாக்காரர்கள் வெட்டிய கால்வாயின் மண்ணால் உருவான 21 கிலோமீட்டர் நீளத் தீவு அது. கிளம்பும் முன் குழாய்த் தண்ணீரிலேயே பாட்டில்களை நிரப்பிக்கொள்ளலாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிற தண்ணீர் அது.

நகரம் முடியும் இடத்தில் பெரிய பெரிய எண்ணெய்க் கிடங்குகளுக்கு நடுவே பாதை போகும். புதிதாக வருகிறவர்கள் வழி தவறிவிட்டோமோ என்று இங்கேதான் திகைப்பார்கள். சரியான வழிதான், அப்படியே போங்கள். அப்புறம் லோபாவ் காடு. கோடையில் கொசு கடுமையாக இருக்கும், நிற்கவேண்டாம்.

4. அணைக்கரை: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஷோனாவ் தாண்டியதும் மார்ஷ்ஃபெல்ட் வெள்ளத் தடுப்புக் கரை தொடங்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக, கிலோமீட்டர் கணக்கில் போகும் தார்ப்பாதை. நிழல் குறைவு, கடையும் இல்லை. முதல்முறை போனபோது, பசித்தால் சாப்பிடலாம் என்று நான் வேகமாக மிதித்துக்கொண்டே போனேன். பாதியில் கால் வெலவெலத்து, புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாழைப்பழமும் ஒரு ரொட்டியும் உள்ளே போய் அரை மணி நேரம் ஆன பிறகுதான் எழ முடிந்தது. அதிலிருந்து கடைப்பிடிப்பது இதுதான்: பசிக்கிறதோ இல்லையோ, முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடவேண்டும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவேண்டும்.

கியரை இலகுவாக வையுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, நிமிடத்துக்கு 70, 80 சுற்று என்று லேசாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது. மணிக்கு 15 கிலோமீட்டர் போதும். நின்று நின்று போனாலும் மாலைக்குள் சேர்ந்துவிடலாம்.

பஞ்சரானால் பதறாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, லீவரால் டயரின் ஒரு விளிம்பை மட்டும் தூக்கி டியூபை உருவுங்கள். புது டியூபை உடனே போட்டுவிடக்கூடாது. டயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முள்ளோ கண்ணாடித் துணுக்கோ இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். எடுக்காவிட்டால் புது டியூபும் பத்தே நிமிடத்தில் போய்விடும். புது டியூபில் கொஞ்சம் காற்று அடித்து அது வட்டமாக உப்பிய பிறகு உள்ளே வைத்தால் மடங்காது. டயர் விளிம்பைக் கையாலேயே தள்ளி ஏற்றுங்கள், லீவரால் நெம்பினால் டியூப் கிழியும்.

சாப்பிட இடப்பக்கம் விலகி ஓர்ட் ஊருக்குள் போகலாம். பழைய கோட்டை ஒன்றில் டோனாவ்-ஆவென் தேசியப் பூங்காவின் மையம் இருக்கிறது. வலப்பக்கம் நீங்கள் பார்த்துக்கொண்டே வந்த காடு, அணை மின்நிலையத்துக்காக அழியவேண்டியது. 1984 டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஸ்டோப்ஃபென்ராய்ட் காட்டுக்குள் போய்த் தங்கி மறித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 1996-இல் காடு தேசியப் பூங்காவானது.

5. பாலமும் ஹைன்புர்கும்

ஸ்டோப்ஃபென்ராய்ட் அருகே கரையை விட்டு ஏறி, கம்பிவடங்கள் தாங்கும் உயரமான பாலத்தில் தென்கரைக்குப் போகவேண்டும். ஓரப் பாதை இருக்கிறது. பக்கக் காற்று பலமாக அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அடுத்து வரும் ஹைன்புர்க் ஊரில் இடைக்காலத்துக் கோட்டை வாயில் ஒன்று இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அங்கே காபி குடித்துத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

6. எல்லை

வோல்ஃப்ஸ்டால், பெர்க் ஊர்களைத் தாண்டினால் வயல்வெளி. தொலைவில் பிராட்டிஸ்லாவா கோட்டையும், நகரின் தென்கரைப் பகுதியான பெட்ருஷால்காவின் அடுக்குமாடி வரிசையும் தெரியும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கம்யூனிஸ்ட் கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த ‘இரும்புத் திரை’ 1989 வரை நின்ற மண் இது. முள்வேலியும் காவலுமாக இருந்த இடம். அந்த ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிராட்டிஸ்லாவா மக்கள் பல்லாயிரம் பேர், நாம் வந்த திசைக்கு எதிர்த்திசையில், ஹைன்புர்க் வரை நடந்தே போனார்கள். 2007 டிசம்பரில் ஸ்லோவாக்கியா ஷெங்கனில் சேர்ந்தபோது வழக்கமான எல்லைச் சோதனையும் நின்றது. எத்தனை முறை போனாலும் இந்த இடத்தில் என்னால் மிதித்துக்கொண்டே கடந்துவிட முடிவதில்லை. இறங்கி நடந்துதான் தாண்டுவேன்.

7. ஊருக்குள், அப்புறம் திரும்புவது

பெட்ருஷால்காவிலிருந்து ஆற்றைக் கடக்க ‘ஸ்டாரி மோஸ்ட்’ என்னும் பழைய பாலத்தில் போங்கள். டிராம், நடப்பவர்கள், சைக்கிள் மட்டும்தான், கார் கிடையாது. கடையில் ‘டோப்ரி டென்’ என்று வணக்கம் சொன்னால் முகம் மலரும். ஊரின் உணவு ப்ரின்ட்ஸோவே ஹலுஷ்கி: உருளைக்கிழங்கு மாவில் செய்த சிறு உருண்டைகள் மேல் செம்மறிப்பால் சீஸ். பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவித் தருவார்கள். வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிடவேண்டும்.

திரும்ப ரயில் இருக்கிறது, வியன்னாவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுங்கள், ரயில் நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை நிலையம் நகரின் வடக்கே ஏற்றத்தில் இருக்கிறது. களைத்த கால்களுக்கு அந்த ஏற்றம் நீளமாகத் தெரியும், ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.