டேப்லெட்டில் இணையப் பக்கம் படுத்தும்போது என்ன செய்வது?

கணினியில் ஒழுங்காக ஓடும் தளம் டேப்லெட்டில் முரண்டு பிடித்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பக்கம் மவுஸை நம்பிக் கட்டப்பட்டிருக்கும்.

பெரிய திரையிலும் மொபைல் பக்கமே வந்து, பாதி வசதிகளைக் காணோமா? ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'டெஸ்க்டாப் சைட்' என்பதை டிக் செய்யுங்கள். ஐபேடில் கதை தலைகீழ். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், சஃபாரி தன்னை மேக் கணினி என்றே தளங்களிடம் காட்டிக்கொள்கிறது. அதனால் எழுத்து பொடியாக வந்தால், முகவரிப் பட்டையின் பக்க மெனுவில் 'ரிக்வெஸ்ட் மொபைல் வெப்சைட்' கொடுங்கள்.

மவுஸ் மேலே போனதும் விரியும் மெனுக்கள்தான் பெரிய தலைவலி. விரலுக்குச் சும்மா மேலே நிற்கத் தெரியாது, தொட்டாலே கிளிக். பல தளங்களில் முதல் தொடுதலுக்கு மெனு விரியும், இரண்டாவதற்கு லிங்க் திறக்கும். எனவே ஒருமுறை தொட்டுவிட்டு ஒரு நொடி பொறுங்கள். படபடவென்று தட்டினால் வேறு பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அழுத்திப் பிடித்தும் பயனில்லை, லிங்க்கை என்ன செய்வது என்ற பட்டியல்தான் வரும். மெனு அசையவே இல்லையென்றால் ப்ளூடூத் மவுஸ் ஒன்றை இணையுங்கள். ஐபேட் என்றால் ஐபேட்ஓஎஸ் 13.4 அல்லது அதற்குப் பிந்தையது நல்லது.

நெருக்கமான லிங்க்குகளில் விரல் தவறினால், முதலில் இரு விரலால் பெரிதாக்கிவிட்டுத் தொடுங்கள். சில தளங்கள் பெரிதாக்குவதையே தடுத்திருக்கும். ஆண்ட்ராய்டு குரோமின் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போனால் அந்தத் தடையை மீறும் தேர்வு இருக்கிறது.

பாதி நிரப்பிய படிவம் காணாமல் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மெமரி போதாதபோது, பின்னணியில் இருக்கும் பிரவுசர் டேபை (திறந்து வைத்த பக்கத்தை) இயங்குதளம் கழற்றிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோட் ஆகும், எழுதியது போய்விடும். நீளமான பதிலை நோட்ஸ் செயலியில் எழுதி ஒட்டுங்கள். ஓடிபி பார்க்க வேறு செயலிக்குத் தாவாமல் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் கண்முன் வையுங்கள். தேவையற்ற டேப்களை முன்பே மூடிவிடுங்கள்.

பக்கத்துக்குள் சொல் தேட, குரோமில் மூன்று புள்ளி மெனுவிலும் சஃபாரியில் ஷேர் மெனுவிலும் வழி உண்டு.

பிரவுசருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாதென்றால், ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போடுங்கள். இழுத்துப் போட்டு வரிசை மாற்றும் பக்கங்களையும் பெரிய விரிதாள்களையும் மட்டும் கணினிக்கே விட்டுவிடுங்கள்.