விடியற்காலையில் எதையும் முடிவு செய்யாதீர்கள்: கணக்கு வேலையில் இருப்பவரின் நடைப்பயிற்சி முறை

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் போன்றவர்கள் மாதத்தை 7, 11, 20 என்ற மூன்று தேதிகளாகத்தான் அறிவார்கள். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் எனப்படும், பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரியைச் செலுத்த வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1. 20ஆம் தேதிக்குள் மாத வரியைச் சுருக்கமாகக் கணக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. பல ஆண்டுகளாக என் நடைப்பயிற்சி 21ஆம் தேதி உற்சாகமாகத் தொடங்கி, அடுத்த மாதம் 5ஆம் தேதி வாக்கில் சத்தமில்லாமல் நின்றுவிடும். சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். போகலாமா, வேண்டாமா என்ற கேள்வியைத் தினமும் காலை 5 மணிக்குப் படுக்கையிலிருந்தபடி கேட்டுக்கொண்டதுதான் உண்மையான கோளாறு என்பது வெகு தாமதமாகவே விளங்கியது. அரைத் தூக்கத்தில் இருக்கும் மனம் கெட்டிக்கார வக்கீல். 'நேற்று படுக்கவே 12 ஆகிவிட்டதே' என்று அது தொடங்கினால் எதிர்வாதம் செய்ய ஆளிருக்காது.

ஆகவே முதல் வேலையாக, அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து அகற்றிவிடுங்கள். மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து, வேலை நெருக்கும் தேதிகளையும் அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களையும் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டமிட்ட நாட்களுக்குக் குறுநடை, மற்ற நாட்களுக்கு முழுநடை. நடை இல்லாத நாள் என்று ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

முழுநடைக்கு நான் வைத்திருக்கும் அளவு 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது. ஐந்து முழுநடையில் 150 நிமிடம் தேறிவிடும். மிதமான வேகம் என்பதைக் கண்டறியக் கருவி தேவையில்லை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண்ணிப் பார்க்க விரும்பினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 காலடி. நாளொன்றுக்கு 10,000 அடி என்ற புகழ்பெற்ற கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது.

குறுநடை 10 நிமிடம். தெருமுனை ஆவின் பாலகம் வரை போய்த் திரும்பினால் முடிந்தது. இது ஒரு நடையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனையை 2020இல் எடுத்தேவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் அந்தத் தயக்கம் நீங்கியது. எனக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று: 20ஆம் தேதி காலையிலும் செருப்பை விட்டு ஷூவுக்கு மாறிய கால், 21ஆம் தேதி புதிதாகப் பழக வேண்டியதில்லை.

இரவு படுக்கும் முன் செய்ய வேண்டியதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் முறை முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஷூவை வாசற்கதவுக்கு அருகில் வைத்து, உலர்ந்த காலுறையை அதனுள்ளேயே திணித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரக் காலுறையைக் கையில் பிடித்த மறுகணமே நான் திரும்பப் படுத்த நாட்கள் உண்டு. வீட்டுச் சாவியை ஷூவின் மேல் வையுங்கள். கைப்பேசியை அலாரத்தோடு கூடத்தில் விட்டுவிடுங்கள்; அதை நிறுத்த எழுந்தே ஆக வேண்டும். ஒரு துண்டுத் தாளில் 'நாளை: முழு, பூங்கா' என்றோ 'நாளை: குறு, தெரு' என்றோ எழுதிச் சாவிக்கு அடியில் வையுங்கள். காபி நடைக்கு முன்பா பின்பா என்பதைக்கூட ஒருமுறை தீர்மானித்தால் போதும், எனக்குப் பின்புதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நடப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கையில் நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

சென்னைவாசிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெரிய சோதனை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடப்பவனான நான் அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிப் படிகளுக்கு மாறிக்கொள்கிறேன்; ஏறும்போது வேகம், இறங்கும்போது கைப்பிடி. காலையில் மழை வலுத்தால் இரவு உணவுக்குப் பின் 15 நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். சாப்பிட்டவுடன் ஏறும் இரத்தச் சர்க்கரையை அது தணிக்கும். தசைகளுக்கு வாரம் இரு நாள் தனிப் பயிற்சி வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது ஆகிய இரண்டோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இம்முறையை அலுவலக முடிவுகளுக்குத் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். நடை பற்றிய முடிவு இரவில் முடிந்துவிட வேண்டும். வேலை பற்றிய கசப்பான முடிவு எதையும் இரவில் எடுக்கக் கூடாது. தாமதத்துக்கு என்னைக் குறை சொல்லி வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ஒருநாள் இரவு 9 மணிக்கு நான்கு பத்திப் பதில் எழுதினேன். ஒவ்வொரு பத்தியிலும் 'தங்கள் கவனக்குறைவு' இருந்தது. அனுப்பாமல் வைத்திருந்து, காலை நடை முடிந்து வியர்வை காய்வதற்குள் திறந்து படித்தபோது, அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு கொள்முதல் பட்டியல்கள் என்று தெரிந்தது. இரண்டு வரியில் கேட்டேன், மதியத்துக்குள் வந்துவிட்டன. அன்றிலிருந்து இரவில் தோன்றும் பதில், வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணம், பெரிய தொகைக்கான செலவு ஆகிய எல்லாவற்றையும் அதே துண்டுத் தாளின் பின்புறம் எழுதி, நடை முடிந்த பிறகே புரட்டிப் பார்க்கிறேன்.

நாட்காட்டியில் முழுநடைக்கு 'மு', குறுநடைக்கு 'கு' என்று குறித்துவாருங்கள். திட்டமிட்ட நாள் ஏதேனும் தவறினால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் நடந்து ஈடுகட்ட முயலாதீர்கள். அப்படி ஈடுகட்டப் போய்த்தான் ஒருமுறை முழங்கால் வீங்கி இரண்டு வாரம் நொண்டினேன். இரண்டு கட்டங்கள் தொடர்ந்து காலியானால், மூன்றாம் நாள் நாட்காட்டி என்ன சொன்னாலும் தாளில் 'குறு' என்றே எழுதுங்கள்.