சிம்னி ஃபில்டரை ஊற வையுங்கள், தேய்த்துத் தேய்ந்து போகாதீர்கள்

சிம்னி இரைச்சல் மட்டும் போட்டுவிட்டுப் புகையை இழுக்காமல் நின்றால், உடனே மோட்டார் போச்சு என்று நினைக்க வேண்டாம். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். வலை ஃபில்டர் என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண்கள் அடைபட்டிருந்தால் கழுவியே ஆக வேண்டும். அதில் சேரும் எண்ணெய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுப்பு ஆறிய பிறகு சிம்னியின் பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு கையால் ஃபில்டரை அடியில் தாங்கிக்கொண்டு, மறு கையால் அதன் பிடியை அழுத்தினால் கீழே இறங்கிவிடும். எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் அதையும் எடுத்து, பழைய தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். சிங்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். கறுப்புக் கரி ஃபில்டரைத் தனியே வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது கழுவுவதற்கானதல்ல, மாற்றுவதற்கானது.

இனிதான் முக்கியமான வேலை. ஃபில்டர் முழுதாக மூழ்கும் அளவுக்கு ஒரு பெரிய டப்பில் நல்ல சூடான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விடுங்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டி சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கும். வினிகரையும் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். 15 முதல் 20 நிமிடம் போதும். சற்று நேரத்திலேயே மஞ்சள் திட்டுகளாக எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் பழுப்பாகும். அலுமினியம் என்றால் இதற்கு மேல் ஊற வேண்டாம், கறுத்துவிடும். காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள்; அது அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத்பிரஷால் வலையின் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, வெந்நீரில் அலசுங்கள். கம்பி நார் வேண்டாம், கீறல் விழும். இன்னும் பிசுபிசுத்தால் அழுத்தித் தேய்ப்பதைவிடப் புதுச் சூட்டுத் தண்ணீரில் மறுபடி ஊற வைப்பதே நல்லது. ஆறிப்போன தண்ணீரில் எண்ணெய் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக உதறி, செங்குத்தாகச் சாய்த்து வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். வறுவல், பொரியல் அதிகம் என்றால் மாதம் ஒரு முறை இப்படிக் கழுவுங்கள்.