வழக்கறிஞராக இருந்து சட்டமன்ற உறுப்பினரானவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

குடிமை உரிமை வழக்குகளை நடத்திவிட்டு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போன ஒருவரைப் பற்றி எழுதும்போது, நீதிமன்றம் ஒரு அத்தியாயம், அரசியல் இன்னொன்று என்று பிரிக்காதீர்கள். அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பதே அதில் விடுபட்டுப்போகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஃப்ரெட் கிரேயை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தீர்ப்புகளைப் படியுங்கள், செய்தித்தாள் அப்புறம். மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்த 'பிரௌடர் எதிர் கேல்' தீர்ப்பின் குறியீடு '142 எஃப். சப். 707'. 'எஃப். சப்.' என்ற கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 142ஆம் தொகுதி, 707ஆம் பக்கம் என்று பொருள். பலர் சறுக்குவது இங்கேதான்: பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் இதில் வாதி அல்ல. அவர்மீதான குற்ற வழக்கு மாநில நீதிமன்றத்தில் தனியாக நடந்தது. 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் கிரே தொடுத்த வழக்கில் ஆரேலியா பிரௌடர், கிளாடெட் கால்வின் போன்ற வேறு பெண்களே வாதிகள்.

தீர்ப்பில் வழக்கறிஞர் பெயர்கள் வரும் வரியை நிதானமாகப் பாருங்கள். நேரில் வாதிட்டவர் வேறு, எழுத்துவாதத்தில் பெயர் இருந்தவர் வேறு. 1960இன் 'கொமிலியன் எதிர் லைட்ஃபுட்' வழக்கில் வாதிட்டவர்கள் கிரேயும் ராபர்ட் கார்ட்டரும். டஸ்கீகி நகரின் சதுர எல்லையை 28 பக்க உருவமாக வெட்டி, சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லாரையும் வெளியே தள்ளியதை எதிர்த்த வழக்கு அது. பின்னாளில் கிரே சட்டமன்றத்துக்குப் போனதும் டஸ்கீகி வட்டாரத்திலிருந்துதான்.

இரண்டுக்கும் நடுவே உள்ள பாலம்தான் முக்கியம். அலபாமா 1900 கணக்கெடுப்பை வைத்துப் பிரித்த தொகுதிகளையே அறுபது ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தது. 1964இன் 'ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்' தீர்ப்பு மக்கள்தொகைப்படி தொகுதி வேண்டும் என்றது. 1965இல் கறுப்பினத்தவர் வாக்களிக்க இருந்த தடைகளை அகற்றும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இவற்றைச் சொல்லாமல் 1970இல் அவர் வென்றார் என்று மட்டும் எழுதினால், ஏதோ அதிர்ஷ்டம் போலத் தோன்றும்.

'முதல் கறுப்பின உறுப்பினர்' என்றும் எழுதாதீர்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்திலேயே அங்கே கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். அக்காலத்துக்குப் பிறகு அவைக்குப் போன முதல் இருவரில் ஒருவர் என்பதே சரி. மற்றவர் தாமஸ் ரீட்.

சட்டமன்றப் பணிக்கு அவைக் குறிப்பேடுதான் ஆதாரம். நிறைவேறிய மசோதாக்களை மட்டும் எண்ணினால் சிறுபான்மை உறுப்பினர் சும்மா இருந்ததுபோல் தெரியும். குழுவிலேயே செத்த மசோதாக்கள், அவர் கொண்டுவந்த திருத்தங்கள், எதிர்த்துப் போட்ட வாக்குகள் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

காலவரிசையை இரண்டு பத்திகளாகப் போடுங்கள்: இடப்பக்கம் வழக்குகள், வலப்பக்கம் அவை. டஸ்கீகி சிஃபிலிஸ் ஆய்வில் சிகிச்சை தராமல் ஏமாற்றப்பட்ட கறுப்பின ஆண்களுக்காக 1973இல் கிரே தொடுத்து, 1974இல் ஏறக்குறைய 1 கோடி டாலருக்குச் சமரசமான வழக்கு, அவர் உறுப்பினராக இருந்தபோது தொடுத்தது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பழைய கூட்டாட்சி வழக்குக் கட்டுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போது வழக்கறிஞர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் கையில் இருக்கட்டும்.