நெல்லையில் இருந்து ஆரியங்காவு: பைக்கில் முதன்முதலாக மலை ஏறப் போகிறவர்களுக்கு

டவுனுக்குள் தினமும் வண்டி ஓட்டுகிறீர்கள், நாலு வழிச்சாலையிலும் போய்ப் பழக்கம், ஆனால் மலைப்பாதையில் மட்டும் ஓட்டியதே இல்லை என்றால், இது உங்களுக்குத்தான். ஒரே நாளில் போய்விட்டு வரலாம். முதல் தடவைக்கு நான் சொல்லும் வழி தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு. முடிந்தால் தென்மலை வரை. போக வர சுமார் இருநூறு கிலோமீட்டர் வரும்.

எல்லோரும் முதலில் மாஞ்சோலை என்றுதான் கேட்பார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை சொல்வதுதான் முடிவு. அதை நம்பி ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். புளியரைப் பாதை தேசிய நெடுஞ்சாலை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏற்றமும் சில கிலோமீட்டர்தான். பழகுவதற்கு அந்த அளவு போதும்.

முந்தின நாள்

டயரில் காற்று பாருங்கள், வண்டி சூடாவதற்கு முன்னால் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். இரண்டு பேர் போவதாக இருந்தால் பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதன்படி பிடியுங்கள். செயினின் கீழ்ப்பக்க நடுவை விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதற்கு மேல் தொங்கினால் இறுக்கி, எண்ணெய் விடுங்கள். அப்புறம் பிரேக். இதை மட்டும் நீங்களே பார்த்து முடிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்து பேடையும் பின் லைனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும், டிஜிலாக்கரில் இருந்தால் போதும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். எல்லை தாண்டினால் கேரளாவில் கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள், ஆனால் அதற்குப் பயந்து போட வேண்டாம், தலைக்காகப் போடுங்கள்.

தென்காசி வரை

காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் நல்லது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ரோடு அகலம், பிரச்சினை இல்லை. ஆனால் ஆனி, ஆடி, ஆவணியில் போகிறீர்கள் என்றால் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நாம் ஏறப் போகிற ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் நம் பக்கம் புகுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வருவதும் அதுதான், ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதுதான். ஒரு பஸ்ஸை முந்தும்போது அதன் உடம்பு காற்றை மறைத்துக்கொள்ளும். பஸ்ஸின் மூக்கைத் தாண்டியதும் திடீரென்று காற்று வந்து மோதி வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், தானாக நேராகும்.

செங்கோட்டையில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் கேரளப் பக்கம் இருந்தது, திருவிதாங்கூரின் சங்கு முத்திரை உள்ள பழைய நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. காலைச் சாப்பாடு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரோட்டா பிறகு.

ஏற்றம்

புளியரை வயல்கள் முடிந்ததும் ஏற்றம் ஆரம்பம். வண்டி திணறும் வரை காத்திருக்காமல், ஏற்றம் தெரிந்ததுமே ஒரு கியர் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றக்கூடாது. பெரும்பாலான பைக்குகள் இரண்டிலோ மூன்றிலோ நிதானமாக ஏறிவிடும்.

இங்கே எஸ் வளைவு என்று லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு. கேரளாவுக்குக் காய்கறி, வைக்கோல், ஜல்லி என்று போகிற லாரிகள் அந்த இடத்தில் ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும், அவர்களுக்கு வேறு வழியில்லை. முன்னால் லாரி திரும்புகிறது என்றால் உள்பக்கம் சந்து தெரிகிறதே என்று நுழையாதீர்கள். பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அந்தச் சந்து மூடிவிடும். இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு நில்லுங்கள். எதிரே எதுவும் தெரியாத வளைவில் ஹார்ன் அடித்து, இடப்பக்கத்தை விடாமல் போங்கள். கண் மட்டும் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அந்தப் பக்கம்தான் சாயும்.

மேலே கோட்டைவாசல். கருப்பசாமி கோயில் முன்னால் லாரிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும், நீங்களும் நிறுத்தி ஐந்து நிமிடம் கையை உதறிக்கொள்ளுங்கள். குரங்குக்குத் தின்ன ஏதும் கொடுக்காதீர்கள்.

எதுவரை போகலாம்

ஆரியங்காவில் சாஸ்தா கோயில், பக்கத்தில் பாலருவி. அதற்கு அப்பால் கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே பதிமூன்று கண் பாலம். 1904-ல் ரயில் ஓட ஆரம்பித்த கொல்லம் செங்கோட்டைப் பாதையில் உள்ள கல் பாலம் அது. மீட்டர் கேஜை மாற்றி 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தபோதும் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பாதையிலேயே பிடித்த இடம் இதுதான், அருவியைவிட. மதியம் இரண்டுக்குள் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். இருட்டின பிறகு இந்தக் காட்டுக்குள் வண்டி ஓட்டவே கூடாது.

இறக்கம்

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தப் பாதையில் செங்குத்தான பகுதி தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. காலையில் தெம்பாக ஏறிய அதே இடத்தில் மதியம் உடம்பு அலுத்திருக்கும்போது இறங்க வேண்டும். ஏற எந்த கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அப்படி வரும்போது மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழும், சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் அமுக்கினாலும் பிடிக்காது. இறங்குகிற லாரிகளின் பின்னால் வரும் கருகல் வாடையைக் கவனியுங்கள், அது பிரேக் சூட்டு வாடை.

பிரேக்கை நசுக்கிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுத் திரும்புங்கள். ஸ்கூட்டரில் இன்ஜின் பிடி குறைவு, அதனால் ஆரம்பத்தில் இருந்தே மெதுவாக வாருங்கள், நடுவில் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சாரல் அடித்தால் ரோட்டில் டீசல் சிந்திய இடம் வானவில் நிறத்தில் மினுங்கும், அதன் மேல் பிரேக் தொடாதீர்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், சட்டமும் அதுதான்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டி நெரிசல் அதிகம். ஐப்பசியில் மழை கொட்டும். முதல் பயணத்துக்கு மாசியோ பங்குனியோ பார்த்துக்கொள்ளுங்கள், குளிக்க அருவியில் தண்ணீர் இருக்காது, ஆனால் ரோடு காய்ந்திருக்கும்.

புளியரை வந்து சமதளம் தொட்டாயிற்றா, சரி, இப்போது பிரானூர் பார்டரில் நிறுத்திப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வயிறாரச் சாப்பிடலாம். சாப்பிட்டதும் உடனே கிளம்பாமல் அரை மணி நேரம் உட்காருங்கள், தென்காசி தாண்டிய நேர் ரோட்டில்தான் கண் சொக்கும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், மழையில் நனைந்திருந்தால் மறுநாள் காலையிலேயே துரு பிடித்துவிடும்.