கேஷுவாலிட்டி வாசலில் நீட்டப்படும் ஃபாரம்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேஸ்வரத்தில் ஒருவர் அடிபட்டால் இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரைக்கு அனுப்பினால் அங்கிருந்து இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். கடலில் அடிபட்டவரோடு 108 வண்டியில் ஏறி வருகிறவர் பல நேரம் மனைவியோ பிள்ளையோ இல்லை. கூட மீன்பிடித்த ஆளோ, படகின் சொந்தக்காரரான சம்மாட்டியோதான். அந்தப் பதற்றத்தில் நீட்டப்படும் தாள் எதற்கானது என்று யாரும் கேட்பதில்லை.

என் சித்தப்பா தங்கச்சிமடத்துக்காரர். விசைப்படகில் தலையில் அடிபட்டு, ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்து வந்தார். சில மாதம் கழித்து அவருடைய ஃபைலைப் புரட்டியபோதுதான் அவரை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்த்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டவர் சம்மாட்டி. “ஏம்மா, எந்திரிச்சதுக்கு அப்புறமாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, வைத்தியத்துக்கான ஒப்புதலையும் ஆராய்ச்சிக்கான ஒப்புதலையும் ஒன்றாக நினைப்பது. உயிர் போகிற நேரத்தில் சம்மதம் சொல்ல ஆளில்லை என்றாலும் மருத்துவர் சிகிச்சை தரவேண்டும். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்குமே அது கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி வேறு. இந்த மருந்து பலன் தருமா என்பது இன்னும் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. பல ஆய்வுகளில் யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதுகூட இல்லை, குலுக்கல் முறைதான் தீர்மானிக்கும். ஆகவே “இது வைத்தியத்துக்கா, ஆராய்ச்சிக்கா?” என்று கேளுங்கள். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொன்னால் வைத்தியம் நின்றுவிடாது, நிறுத்தவும் கூடாது. அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஆராய்ச்சி என்றதும் “எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று கொதிப்பது. சித்தப்பா விஷயத்தில் நானும் முதலில் அப்படித்தான் கொதித்தேன். ஆனால் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். 10,008 பேரைச் சேர்த்து நடந்த ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004இல் வந்தது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது. நினைவில்லாதவர்களை வைத்து ஆராயாமல் இது தெரியவந்திருக்காது. நம் கரைக்கும் இப்படி விடை தெரியாத கேள்விகள் இருக்கின்றன. இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு தரைப்பாம்புகளுக்கானது. கடல்பாம்புக்கு அது இல்லை. அதை ஆராய வருகிறவர்கள் நம்மிடம்தான் வந்தாக வேண்டும்.

அடுத்து, யார் கையெழுத்துப் போடுவது? சம்மாட்டி நல்லவராகவே இருக்கலாம். எங்கள் சம்மாட்டி இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவரிடம் முன்பணம் வாங்கி வேலைக்குப் போகிற ஆளின் உடம்பைப் பற்றி அவர் முடிவெடுக்கக் கூடாது. ஊர்த்தலைவரும் ஜமாத்தும் பங்குத்தந்தையும் ஊருக்குள் ஆய்வு நடக்க அனுமதி சொல்லலாம். தனி ஆளின் சம்மதத்துக்கு அது ஈடாகாது. சட்டம் ஏற்கும் பிரதிநிதிதான் கையெழுத்திடலாம். நடைமுறையில் அது மனைவி, கணவர், பெற்றோர், வயதுவந்த பிள்ளைகள். வருகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருக்கவேண்டும். கைநாட்டு வாங்கிய பிறகு வராந்தாவில் போகிற யாரையாவது கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது செல்லாது.

சரி, வீட்டார் வர ஐந்து மணி நேரமாகும், மருந்தை உடனே போட்டாக வேண்டும் என்றால்? இந்த நெருக்கடி நிஜமானது. இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை 20,211 பேரிடம் ஆராய்ந்த ‘கிராஷ் 2’, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்று காட்டியது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் ஒரு வழி விட்டிருக்கிறது. பிரதிநிதி கிடைக்கவில்லை, ஆய்வையும் தள்ளிப்போட முடியாது என்றால் சம்மதம் இல்லாமல் தொடங்கலாம். ஆனால் அதற்கான காரணம் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டு, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்கவேண்டும். நடுராத்திரியில் டியூட்டி டாக்டர் தன் வசதிக்கு எடுக்கிற முடிவு இல்லை அது.

இந்தச் சலுகை ஒரு கடனோடுதான் வருகிறது. நினைவு திரும்பியதும் நோயாளியிடமே போய், நடந்ததைச் சொல்லி, தொடரலாமா என்று கேட்கவேண்டும். வீட்டார் கையெழுத்திட்டிருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து அதிகம் விட்டுப்போவது இதுதான். வார்டு மாறும், டாக்டர் மாறுவார், டிஸ்சார்ஜ் அவசரத்தில் எல்லாம் மறந்துபோகும். விழித்த முதல் நாளே மயக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு முடித்துக்கொள்வதும் தவறு; சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும் அளவுக்கு அவர் தெளியவேண்டும். வேண்டாம் என்றால் விலகலாம், அதனால் சிகிச்சை குறையாது என்பதையும் அப்போதே சொல்லவேண்டும்.

வீட்டார் விடக்கூடாதது ஒன்று: தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மருந்துப் பரிசோதனைகளில் அவற்றைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளே சொல்கின்றன. ஆய்வில் சேர்ந்ததால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் கேட்க அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

சித்தப்பாவின் ஃபைலில் இருந்த தாளில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். மறுவாரம் ஆய்வு மருத்துவர் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார், சொல்லாமல் விட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: “எனக்குப் போட்டது மருந்தா, வெறும் தண்ணியா?” ஆய்வு முடியும் வரை அது தனக்கும் தெரியாது என்றார் டாக்டர். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.